வெளிப்பக்கம் திறக்கும் கதவு

எந்தப் புதிய மென்பொருளை யார் புகழ்ந்து பேசினாலும் அவர் பொறுமையாக முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எல்லாஞ் சரி. கதவு எந்தப் பக்கம் தொறக்குது?"

வெளியூரிலிருந்து கணினிச் சேவைகளை விற்க வருபவர்கள் இந்தக் கேள்வியின் முன் திகைத்து நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எனக்கு அந்தத் திகைப்பு ஏற்பட்டதில்லை. அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போர்மேனாக இருந்தவன் நான். வெடிமருந்து புழங்கும் அறையின் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். வேலை நேரத்தில் தாழ்ப்பாள் போடக் கூடாது. வாசலில் ஒரு காகிதக் கட்டுகூட இருக்கலாகாது. இவையெல்லாம் எங்களுக்கு மூச்சு விடுவதைப் போன்றவை. ஆனால் கணினித் திரைக்கு முன் அமர்ந்துகொண்டு ஒருவர் அதே கேள்வியைக் கேட்பார் என்று நான் எண்ணியதில்லை.

அவர் எங்கள் பட்டாசு நிறுவனத்தின் இணையதளத்தை உருவாக்கி, நான்கு ஆண்டுகள் அதைக் காத்து வந்தவர். எம். புதுப்பட்டியிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்குவார். முப்பதைத் தொடாத வயது. அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'வெப்சைட் அக்கா' என்றே அழைத்தனர். அவரைவிட மூத்தவர்களும் அப்படியே அழைத்தமையால், அவருடைய இயற்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே தங்கிவிட்டது. நானும் அதை அங்கேயே இருக்க விடுகிறேன்.

என் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்த பிறகு, எங்கள் முதலாளி என்னைத் தொழிற்சாலையிலிருந்து சிவகாசி அலுவலகத்துக்கு மாற்றினார். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். "சரக்கு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல இருக்கட்டும்" என்பது அவர் கட்டளை. பட்டாசை இணையத்தில் நேரடியாக விற்க அனுமதி இல்லை. ஆகவே எங்கள் தளத்தில் 'வாங்கு' என்ற பொத்தான் கிடையாது. வேண்டியவற்றை வாடிக்கையாளர் குறித்து அனுப்புவார். எங்கள் ஆட்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசி உறுதி செய்வார்கள். அந்தப் பட்டியலில் எந்தப் பெட்டிக்குள் எத்தனை உருப்படி, எந்தப் படம் எந்தச் சரக்குக்குரியது என்று சரிபார்ப்பதே என் பணி.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். கணினியைத் தொடுவதற்கு முன் அவர் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டார். தொழிற்சாலையில் அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டே செல்ல வேண்டும். அதைப் போலவே இருந்தது.

"என்ன தாயி, இங்க என்ன மருந்தா இருக்கு?" என்று கேட்டேன்.

"மருந்து இல்லய்யா, மனுசரு இருக்காகள்ல. பஸ்ஸுல வந்த கோவத்த அந்தக் கம்பியில எறக்கி வச்சுட்டு உக்காருறேன்" என்றார்.

அவரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. எங்கள் ஊர் அச்சகங்களில் நிறம் தப்பிப்போன காலண்டர் தாள்களை அளவாக வெட்டித் தைத்தது அது. புரட்டினால் ஒரு பக்கம் முகம் பச்சையாகிப்போன முருகன் நிற்பார்; மறுபக்கம் அவருடைய கையெழுத்து நிற்கும். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: பெயர், உள்ளே, வெளியே, முடிவு.

புதிய கருவி எது வந்தாலும் அவருடைய சோதனை ஒன்றே. ஏழு சென்டிமீட்டர் கம்பி மத்தாப்பு என்ற ஒரே ஒரு சரக்கை அதற்குள் ஏற்றுவார். படம், விலை, பெட்டிக்கு எத்தனை என்பது உட்பட எல்லாவற்றையும் ஏற்றி ஒரு பக்கத்தை உருவாக்குவார். அதற்கு ஆன நேரத்தை 'உள்ளே' என்ற கட்டத்தில் எழுதுவார். பிறகு அதே மத்தாப்பை ஒன்றும் சிந்தாமல் வெளியே எடுத்து வேறோர் இடத்தில் வைப்பார். அந்த நேரம் 'வெளியே' என்ற கட்டத்துக்குப் போகும். கடைசிக் கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றுதான் வரும்: வேண்டாம், பார்க்கலாம், நல்லது. ஒரு தீபாவளி சீசனைத் தாங்கி நின்ற பிறகே எதற்கும் 'நல்லது' என்ற சொல் கிடைக்கும். நான் பார்த்தவரை அந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அது டெக்ஸ்ட் ஃபைல் எனப்படும், எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துக்கோப்புக்கு அவர் தந்தது. "இதுக்குக் கதவே இல்லய்யா. திறந்த வெளி. எப்ப வேணாலும் போகலாம், வரலாம்" என்றார்.

தம் துறையைப் பற்றி அவர் கூறிய கருத்துகளை நான் அப்போதே எழுதி வைக்காமல் போனேன். நினைவில் தங்கியவை சிலவே. மாதந்தோறும் புதிய பதிப்பு வெளியிட்டு, பழைய நிரலைத் திருத்தச் சொல்லும் ஒரு கருவியை, "மாப்பிள வீட்டுக்காரக மாதிரி. கல்யாணம் முடிஞ்ச பெறகும் மாசாமாசம் ஒண்ணு கேப்பாக" என்றார். சிறிய வேலை ஒன்றுக்காக ஒரு நிரல் துணுக்கைக் கேட்கப்போய், அதனோடு நூற்றுக்கணக்கான துணுக்குகள் வந்து குவிந்த நாளில், "ஒரு மத்தாப்புக் கேட்டேன். லாரி லோடையே வாசல்ல எறக்கிட்டான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். செய்து காட்டும்போது கண்ணைப் பறித்த வேறொரு மென்பொருளைப் பார்த்துவிட்டு அவர் கூறியதை எங்கள் தொழிற்சாலைப் பெண்களிடமும் நான் சொல்லியிருக்கிறேன்: "ராக்கெட்டு மேல போறத எல்லாரும் பாக்குறாக. குச்சி எங்கன வந்து விளுகுதுன்னு நாமதான் பாக்கணும்."

இவ்வளவு கூர்மையாகப் பேசுபவர், மனிதர்களின் பிழைகளிடம் காட்டிய பொறுமை எனக்கு வியப்பளித்தது. ஒருமுறை சோதனைக்காக, வாடிக்கையாளரைப் போல ஒரு சரக்கைக் குறித்து அனுப்பும்படி என்னிடம் சொன்னார். நான் நானூறு பெட்டிப் பூச்சட்டிப் புஸ்வாணம் என்று எண்ணிக்கொண்டு, பல பெட்டிகள் அடங்கிய கேஸ் கணக்கில் நானூறு கேஸ் என்று அனுப்பிவிட்டேன். அது சோதனைப் பக்கமன்று, உண்மையான தளம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. குடோனிலிருந்து தொலைபேசி வந்தது. "எந்தக் கல்யாண மண்டபத்துலய்யா இம்புட்டுப் பூச்சட்டி கேக்காக?" என்று எதிர்முனையில் சிரிப்பு. வெட்கத்தால் என் காதுகள் சுட்டன.

அவர் சிரிக்கவில்லை. என் நாற்காலியை அருகில் இழுத்து, மறுபடியும் அதே போல் செய்யச் சொன்னார். என் விரல் எங்கே போகிறது, கண் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தார்.

"தப்பு உங்க விரல்ல இல்லய்யா. பெட்டியையும் கேஸையும் ஒரே எடத்துல ஒட்ட வச்சது நானு. மருந்தையும் திரியையும் ஒரே அறையில வைப்பீகளா?"

அன்று மாலைக்குள் திரையை மாற்றிவிட்டார். அதன்பின் எந்தப் புதுமை வந்தாலும் முதலில் என் கையில்தான் கொடுப்பார். "போர்மேனய்யா கைபட்டு ஒடையலைன்னா, அது எங்கயும் ஒடையாது" என்று அனைவரும் கேட்கச் சொல்வார். அதைப் பாராட்டாகவே நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்தக் கதவுக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய தாயார் மூலம் அறிந்தேன். ஓர் ஆண்டு ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், மகளையும் அழைத்துச் செல்ல அவர் அலுவலகத்துக்கு வந்தார். பட்டாசுச் சரம் பின்னியே வாழ்ந்தவர். அப்போது மூச்சிரைப்பால் வேலையை விட்டிருந்தார். மகளின் சம்பளத்தில்தான் அந்த வீட்டின் அடுப்பும் மருந்துச் சீட்டும் நடந்தன. வலது கையின் விரல் மூட்டுகளில் பழைய தழும்பு தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அவரே கூறினார்.

"அது கம்பெனி இல்ல, போர்மேனய்யா. லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டுக் கொட்டகை. இவ வயித்துல அஞ்சு மாசம். காயிதக் குப்பையில பொறி விளுந்து பத்திக்கிருச்சு. கதவு உள்பக்கமாத் தொறக்குறது. நாலு பொம்பளைகளும் ஒண்ணா ஓடிப்போயி அதுமேல சாஞ்சுட்டோம். சாஞ்சா எங்கிட்டுத் தொறக்கும்? ஒருத்திதான், 'ஏய், எல்லாரும் ரெண்டடி பின்னால வாங்கடி'ன்னு கத்துனா. அம்புட்டு நெருப்ப முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு ரெண்டடி பின்னால வர்றதுன்னா சும்மாவா? வந்தோம். கதவ இழுத்தோம். எல்லாரும் பொளச்சோம். இவ நடக்கப் பளகினதுமே நாஞ் சொன்ன மொத சங்கதி அதுதான். எங்க போனாலும் கதவப் பாரு பிள்ள."

"ஆமாய்யா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரப் பாக்குறதுக்கு முந்தி கதவத்தான் பாத்தேன்" என்றார் மகள், தாயின் பையைத் தோளில் மாட்டியபடியே.

இனி அதற்கடுத்த ஆடி மாதத்தைப் பற்றிக் கூற வேண்டும். அது அவருடைய நான்காவது சீசன். எங்கள் தொழிலில் ஆடிப்பெருக்குத்தான் புதிய விலைப்பட்டியலுக்கு நல்ல நாள். அதற்குச் சில வாரங்கள் முன்பு அண்ணாச்சியின் மகன் தம் மடிக்கணினியோடு அலுவலகத்துக்கு வந்தார். அவரை நாங்கள் சின்னவர் என்போம். கேட்டால் தானே நிரல் எழுதித்தரும் மென்பொருள் ஒன்றை அவர் கண்டுபிடித்து வந்திருந்தார். பட்டாசுக் கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று அதில் இரண்டு வரி எழுதினார். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் திரையில் ஒரு தளம் நின்றது. அழகாகவும் நின்றது.

"பாத்தீகளாக்கா? நீங்க மூணு மாசம் எளுதுனத இது மூணு நிமிசத்துல எளுதிருச்சு. இனிமே உங்களுக்கு என்ன சோலி?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆயினும் அறையில் இருந்தவர்கள் கீபோர்டில் தட்டுவதை நிறுத்தினர். நான் வெப்சைட் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. புது ரகப் பூச்சட்டியை முதன்முதலாகப் பற்றவைக்கும்போது எங்கள் பெண்களின் முகத்தில் நான் காணும் ஒளி இருந்தது.

"பத்து நாளு எங்கையில குடுங்க தம்பி" என்றார்.

அந்தப் பத்து நாட்களும் அவர் புதுத் தோழி கிடைத்தவரைப் போல இருந்தார். திரையோடு வாதாடினார், சிரித்தார், சில நேரம் தட்டிக்கொடுப்பதைப் போல மேசையைத் தட்டினார். "ஐயா, இதோட பணிவு எம்புட்டுத் தெரியுமா? தப்புன்னு சொன்னா மன்னிப்புக் கேக்குது. சரியாச் செஞ்சதத் தப்புன்னு சொன்னாலும் மன்னிப்புக் கேக்குது. அதுதான் கொஞ்சம் பயமா இருக்கு" என்றார். ஒன்பதாம் நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் நிரல்ல ரெண்டு வருசமா ஒரு தப்பு ஒளிஞ்சு கெடந்திருக்கு. எங்கண்ணுக்குத் தெரியல. இது பாத்த ஒடனே சொல்லிருச்சு. என்னைய விட சுத்தமா எளுதுதுய்யா" என்றார்.

நான் அன்று செய்த காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தாயி, அண்ணாச்சிகிட்ட இதை அப்படியே சொல்லாத. உங்க அம்மாவ நெனச்சுப் பாரு. கொஞ்சம் கொறை இருக்குன்னு சொல்லி வச்சுக்க" என்றேன்.

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒரு அறையில மருந்து அளவுக்கு மேல இருந்தா, கொறைச்சுச் சொல்லி எளுதுவீகளா?"

என் பணிக்காலத்தில் ஒருநாளும் நான் அப்படி எழுதியவன் அல்லன். இதை அவர் அறிந்தே கேட்டார் என்பதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் அண்ணாச்சி தம் மேசையில் அமர்ந்து கேட்டார். சின்னவர் அருகில் நின்றார்.

"சொல்லும்மா. இவன் கொண்டாந்தது தேறுமா, தேறாதா?"

"தேறும் அண்ணாச்சி. எளுதுறதுல என்னைய விடக் கெட்டி. தாராளமா வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. எளுதுன தளத்தையும், வர்ற ஆர்டரையும் அவுக எடத்துலயே வச்சுக்கிறோம்னு சொல்றாக. நான் ஒரே ஒரு மத்தாப்ப உள்ள வச்சுப் பாத்தேன். வைக்க ரெண்டு நிமிசம். வெளிய எடுக்க இன்னையோட எட்டு நாளாச்சு. கேட்டு மெயில் போட்டிருக்கேன், பதில் வரல. ஒரு மத்தாப்புக்கே இந்தப் பாடுன்னா, தீபாவளிக்கு முந்தின வாரம் நம்ம ஆர்டர் அம்புட்டும் உள்ள மாட்டிக்கிட்டா?"

"அப்ப என்ன செய்யணுங்குற?"

"எளுதுற கைய வச்சுக்குவோம். குடியிருக்கிற வீடு நம்ம வீடா இருக்கட்டும். தம்பியே அதை வச்சு வேலை பாத்துக்கிறலாம். நான் பளக்கி விட்டுருவேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உனக்கு?"

"இந்த சீசன் முடியிற வரைக்கும் வேலை இருக்கு அண்ணாச்சி. அதுக்கப்புறம் பெருசா இல்ல."

தம் வேலையைத் தம் வாயாலேயே முடித்து வைத்தவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அண்ணாச்சி மகனைப் பார்த்து, "ஏலே, கேட்டுக்கோ. சரக்கப் பத்திப் பேசுனா இப்பிடிப் பேசணும்" என்று மட்டும் கூறினார். பிறகு அவரிடம், "வேலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நீ பாட்டுக்கு இரு தாயி" என்றார்.

அவர் கைகூப்பினார். இருப்பதாக வாக்குத் தரவில்லை.

அந்த சீசன் வழக்கம்போலவே எங்களைப் பிழிந்தெடுத்தது. சின்னவர் அவர் பக்கத்திலேயே அமர்ந்து பழகினார். "தம்பி, அது சொல்றத ஒடனே நம்பாதீக. ஏன்னு கேளுங்க. ரெண்டாந்தடவையும் கேளுங்க" என்று அவர் கூறுவதும், "அக்கா, நீங்க என்னையவே ரெண்டாந்தடவ நம்பமாட்டீகளே" என்று சின்னவர் முணுமுணுப்பதும் எங்களுக்குப் பொழுதுபோக்காயின. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, மத்தாப்பை வெளியே எடுத்துத் தரக் கேட்ட அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று எழுதியிருந்தது. அவர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, "நம்ம மத்தாப்பு இன்னும் உள்ளதான் இருக்கு, பாவம்" என்றார். யாருடைய ஆர்டரும் அதனோடு உள்ளே இருக்கவில்லை.

தீபாவளி முடிந்த மறுவாரம், ஒரு மாலை நான்கு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்தார். நான்கைந்து தாள்களை என் முன் வைத்தார். தளத்தைப் புதியதொரு கணினியில் முதலிலிருந்து நிறுத்துவது எப்படி என்று படிப்படியாகத் தமிழில், நான் வாசிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

"போர்மேனய்யா, கம்பெனியில ஒத்திகை பாப்பீகள்ல? நீங்க கையத் தட்டுனா அறையில இருக்குற எல்லாரும் கையில இருக்குறதப் போட்டுட்டு வெளிய வரணும்னு?"

"ஆமா தாயி."

"இன்னைக்கு ஒரு ஒத்திகை. நீங்க கையத் தட்டுங்க. நான் வெளிய போயிருவேன். எதிர்த்த டீக்கடையிலதான் இருப்பேன். ஆனா என்னையக் கூப்புடக் கூடாது. நீங்களும் தம்பியும் இந்தத் தாளப் பாத்து, நம்ம தளத்த அந்தப் புதுக் கம்ப்யூட்டருல எந்திரிச்சு நிக்க வைக்கணும்."

எத்தனையோ முறை தட்டிய கைகள்தாம். அன்று ஒன்றையொன்று சேர மறுத்தன. அவர் காத்திருந்தார். நான் தட்டினேன். அவர் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனார்.

நான் வாசிக்க, சின்னவர் செய்தார். இரண்டு இடங்களில் தவறினோம். இரண்டு இடங்களிலும், 'இங்கே தவறியிருப்பீர்கள், மேலே மூன்றாவது வரிக்குப் போங்கள்' என்று தாளில் முன்னதாகவே எழுதியிருந்தது. ஓரிடத்தில் சின்னவர் பொறுமையிழந்து ஜன்னல் பக்கம் எழுந்தார். "கூப்புடக் கூடாதுன்னு சொல்லிருக்கா தம்பி" என்று அவரை உட்கார வைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது, அவர் கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்தபடி கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிப்போயிருக்க வேண்டும், ஏனெனில் அவர் அதைக் குடிக்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் புதிய திரையில் எங்கள் தளம் நின்றது. கம்பி மத்தாப்பு முதல் வரியில் இருந்தது. நான் ஜன்னலருகே போய்க் கையை உயர்த்தினேன். அவரும் தம்ளரை உயர்த்திக் காட்டினார். பிறகு ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புதுப்பட்டிப் பேருந்தைப் பிடிக்க விரைந்தார்.

மறுநாள் வந்து எல்லோரிடமும் விடைபெற்றார். இப்போது விருதுநகரில் பருப்பு, வற்றல் வியாபாரிகள் சிலருக்குத் தளம் அமைத்துத் தருகிறார் என்றும், தாயார் நலமாக இருக்கிறார் என்றும் கேள்விப்படுகிறேன். போகும்போது அந்தக் குறிப்பேட்டை என் மேசையில் விட்டுச் சென்றார்.

அதன் கடைசி இரண்டு பக்கங்களை அவர் புறப்பட்ட பின்னரே புரட்டினேன். ஒன்றில், தானே நிரல் எழுதும் அந்த மென்பொருள் இருந்தது. சீசனைத் தாங்கிவிட்டதால் எழுதும் கைக்கு 'நல்லது' என்றும், அது காட்டிய வீட்டுக்கு 'வேண்டாம்' என்றும் தனித்தனியே முடிவு எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில், கருவியின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அவருடைய இயற்பெயர் இருந்தது.

உள்ளே: நாலு வருசம். வெளியே: ஒண்ணேமுக்கால் மணி நேரம்.

முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

பேனாவை எடுத்த நான் மூடி வைத்துவிட்டேன். ஒரு சீசனைத் தாங்காமல் 'நல்லது' கிடையாது என்று அவர் வகுத்த விதியை அவருக்காக மீறுவது முறையன்று. அடுத்த ஆடிப்பெருக்கு வந்தது. பட்டியல் ஏறியது, ஆர்டர்கள் வந்தன, லோடுகள் புறப்பட்டன. அந்த சீசன் முழுவதும் ஒருநாளாவது அவரை அழைக்க வேண்டிய தேவை எங்களுக்கு நேரவில்லை. தீபாவளி முடிந்த மறுவாரம், ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து அமர்ந்து, அந்தக் காலிக் கட்டத்தில் 'நல்லது' என்று எழுதினேன்.